கோடாலித் தைலம் ஏன் சில்லென்று இருக்கிறது? அயனிக் கால்வாய்கள்: ஓர் எளிய விளக்கம்

நெற்றியில் கோடாலித் தைலம் தடவியதும் சில்லென்று இருக்கிறதே, அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? தைலம் ஆவியாகும்போது தோல் கொஞ்சம் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் நாம் உணரும் சில்லிப்புக்கு அது போதாது. தைலத்தில் இருக்கும் மெந்தால், தோலுக்கு அடியில் உள்ள நரம்பு முனைகளில் ஒருவகைப் புரதத்தில் போய் ஒட்டுகிறது. அந்தப் புரதத்தின் நடுவே ஒரு துளை உண்டு. சாதாரணமாகத் தோலின் சூடு ஏறக்குறைய 26 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால்தான் அது திறக்கும். மெந்தால் ஒட்டினால் அவ்வளவு குளிர் இல்லாமலே திறந்துகொள்கிறது. துளை திறந்ததும் சோடியமும் கால்சியமும் நரம்புக்குள் பாய்கின்றன, உடனே மூளைக்குச் சேதி போய்விடுகிறது. துளை திறந்தது என்பது மட்டும்தான் மூளைக்குத் தெரியும். பட்டது பனிக்கட்டியா தைலமா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை.

சிலி பாடி மிளகாய் இடித்த சம்பலில் நடப்பது இதற்கு நேர் எதிர். நாக்கில் இருக்கும் வேறொரு துளை, சூடு 43 பாகையைத் தாண்டினால் திறக்க வேண்டியது. மிளகாயில் உள்ள கேப்சைசின் அதை உடல் சூட்டிலேயே திறந்துவிடுகிறது. அதனால்தான் உறைப்பு 'எரிகிறது'. உறைப்போடு உறைப்பாகக் கொதிக்கக் கொதிக்க தே தாரிக் குடித்தால் எரிச்சல் இன்னும் ஏறுவதற்கும் இதுவே காரணம்: ஒரே துளையை மிளகாயும் சூடும் சேர்ந்து திறக்கின்றன. டிஆர்பிவி1 என்ற இந்தத் துளையை 1997ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 2021ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளுக்கும் இந்தத் துளை உண்டு, ஆனால் அதில் கேப்சைசின் வேலை செய்வதில்லை. மிளகாய்ப் பழத்தை அவை அலட்டிக்கொள்ளாமல் விழுங்கி, விதையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகின்றன.

இந்தத் துளைகளுக்குத்தான் அயனிக் கால்வாய்கள் என்று பெயர். தோலிலும் நாக்கிலும் மட்டுமல்ல, உடம்பில் உயிரோடிருக்கும் எல்லாச் செல்களிலும் அவை இருக்கின்றன. நான் பினாங்கில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), பல் வலி என்று நாள் முழுவதும் நான் எடுத்துக் கொடுக்கும் மருந்துகளில் பல, ஏதோ ஒரு அயனிக் கால்வாயை மூடியோ திறந்தோ வேலை செய்பவை. நம் பிள்ளைகள் இதை இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துவிடுகிறார்கள். வீட்டில் அதே மாத்திரைகளை விழுங்கும் அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொல்ல ஆள் இருப்பதில்லை. இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சவ்வும் உப்பும்

முதலில் சவ்வு. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனை எட்ட இப்படிப் பத்தாயிரம் படலங்களுக்கு மேல் அடுக்க வேண்டும். படலத்தின் இரு முகங்களும் தண்ணீரோடு ஒட்டும், நடுப்பகுதி எண்ணெய்த்தன்மை உடையது.

உப்பு தண்ணீரில் கரையும்போது சோடியம், குளோரைடு என்று மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது. இவைதான் அயனிகள். தண்ணீரில் ஓர் அயனி தனியாக இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் அதை நாலாபுறமும் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியை விட்டு எண்ணெய்க்குள் நுழைய வேண்டுமானால் மிகப் பெரிய ஆற்றல் தேவை. ஆகவே கொழுப்புப் படலம் அயனிகளுக்கு ஏறக்குறைய முழுத்தடை. அவை கடப்பதற்கென்றே படலத்தின் குறுக்கே புரதங்கள் பதிந்திருக்கின்றன.

படலத்துக்கு வெளியே ஒரு லிட்டரில் சுமார் 145 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) சோடியம் இருக்கும். செல்லுக்குள்ளே 12 அளவில்தான். பொட்டாசியம் அப்படியே தலைகீழ்: உள்ளே 140, வெளியே 4. கால்சியத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. செல்லுக்குள் எதோடும் ஒட்டாமல் தனியாகத் திரியும் கால்சியம், வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னும் அளவுக்குக் குறைவு.

இந்த வேறுபாடு தானாக வந்ததல்ல. சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற இன்னொரு புரதம் அதை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957ல் நண்டின் கால் நரம்புகளிலிருந்து இதைக் கண்டுபிடித்தார். நாம் உண்ணும் சோற்றின் ஆற்றலில் கணிசமான பங்கு, மூளையில் இன்னும் அதிகமாக, இந்தப் பம்பை ஓட்டவே போய்விடுகிறது.

பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். பம்பையும் கால்வாயையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். வீட்டுக் கூரைக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மேலே ஏற்றுவது பம்ப், அதற்குக் கரண்ட் பில் உண்டு. கீழே பைப்பைத் திறப்பவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை. திறந்துவிடுகிறார், அது தானாக இறங்குகிறது. அயனிக் கால்வாய் அந்தப் பைப். அது ஏடிபி எதையும் எரித்து அயனியைத் தள்ளுவதில்லை. எந்தப் பக்கம் போக அயனிக்கு ஏற்கெனவே உந்துதல் இருக்கிறதோ, அந்தப் பக்கம் விடுகிறது. வேகத்தில் உள்ள வேறுபாடும் இதனால்தான்: பம்ப் நொடிக்குச் சில நூறு அயனிகளை நகர்த்தினால், திறந்த கால்வாய் ஒன்றின் வழியே நொடிக்கு ஒரு கோடிக்கும் மேல் போகலாம்.

சில பொட்டாசியக் கால்வாய்கள் எப்போதும் திறந்தே இருக்கும். உள்ளே நிறைந்திருக்கும் பொட்டாசியம் அவற்றின் வழியே கொஞ்சம் வெளியே கசிகிறது. நேர்மின்னேற்றம் வெளியே போகப் போக, செல்லின் உட்புறம் எதிர்மின்னாகிறது. ஓர் அளவுக்கு மேல் அந்த எதிர்மின்னே பொட்டாசியத்தை இழுத்து நிறுத்திவிடும். சோடியமும் சிறிது உள்ளே கசிவதால், நரம்புச் செல் கடைசியில் நிலைப்பது சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில். கேட்கச் சிறிய எண்தான். ஆனால் அது விழுவது 5 நானோமீட்டர் படலத்தின் மேல். மீட்டர் கணக்கில் பார்த்தால் மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட். நாம் தூங்கும்போதும் ஒவ்வொரு நரம்புச் செல்லும் இந்த மின்புலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பெரியது போகும், சிறியது போகாது

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பொட்டாசிய அயனியின் ஆரம் 0.133 நானோமீட்டர். சோடியத்தின் ஆரம் 0.095. இரண்டுக்கும் ஒரே மின்னேற்றம், சோடியம்தான் சிறியது. ஒரு துளை பொட்டாசியத்தை விடுமானால் சோடியத்தையும் விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பொட்டாசியக் கால்வாய் சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைச் சுமார் 10,000 மடங்கு எளிதாக விடுகிறது. அதையும் நிறுத்தி நிதானமாகச் சோதித்து விடுவதில்லை, நொடிக்குக் கோடிக்கணக்கில் விடுகிறது. கறாரும் வேகமும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பது பல பத்தாண்டுகள் தீராத கேள்வியாக இருந்தது.

விடையைக் கண்ணால் பார்க்கும்படி செய்தவர் ரோடரிக் மெக்கின்னன். மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். ஒரு மண் பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் அணு அமைப்பை வரைந்து 1998ல் வெளியிட்டார். 2003ல் நோபல் பரிசு பெற்றார்.

நான்கு ஒரேமாதிரித் துண்டுகள் வட்டமாக நின்று நடுவே துளையை உண்டாக்குகின்றன. துளையின் மிகக் குறுகிய பகுதி 1.2 நானோமீட்டர் நீளம்தான். அந்தப் பகுதியின் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாகத் துளையை நோக்கி நிற்கின்றன. இந்த இடத்துக்குள் நுழைய, அயனி தன்னைச் சூழ்ந்த தண்ணீரைக் கழற்ற வேண்டும். முன்னே சொன்னபடி அதற்கு ஆற்றல் வேண்டும். பொட்டாசியம் உள்ளே வந்ததும் சுவரின் ஆக்சிஜன்கள் எட்டு, தண்ணீரின் ஆக்சிஜன்கள் நின்ற அதே தொலைவில் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. இழந்த பிடி உடனே திரும்பக் கிடைக்கிறது, ஆகவே நட்டமில்லை. சோடியம் வந்தால் அதன் உடல் சிறியது. எல்லாப் பக்கத்து ஆக்சிஜன்களையும் ஒரே நேரத்தில் நெருங்க அதனால் முடியாது. தண்ணீரை விட்டதற்கு ஈடு கிடைக்காததால் அது வெளியிலேயே நின்றுவிடுகிறது.

கறாருக்கு இது காரணம் என்றால், வேகம் எங்கிருந்து வருகிறது? குறுகிய அந்தப் பகுதியில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொட்டாசியங்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் நேர்மின். ஒன்றை ஒன்று விலக்குவதால், பின்னால் ஒன்று நுழைந்ததும் முன்னால் நிற்பது வெளியே தள்ளப்படுகிறது. பிடித்து வைக்கும் விசையும் தள்ளிவிடும் விசையும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், எதுவும் சிக்கி நிற்பதில்லை. ஓர் அணுவின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாட்டை வைத்துக்கொண்டு பாக்டீரியாவிலிருந்து மனிதன்வரை இந்த ஒரே ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

யார் சொன்னால் திறக்கும்?

மெந்தால், கேப்சைசின் போன்ற பொருள் ஒட்டித் திறப்பது ஒருவகை. சவ்வு இழுபடும்போது திறப்பவையும் உண்டு. நம் தொடுவுணர்வு அவற்றால்தான். நரம்புக்கு முக்கியமானது மூன்றாவது வகை, மின்னழுத்தம் மாறினால் திறப்பவை. இந்தப் புரதத்தின் ஒரு துண்டில் நேர்மின்னேற்றங்கள் வரிசையாக இருக்கின்றன. செல்லின் உட்புறம் எதிர்மின்னாக இருக்கும்வரை அந்தத் துண்டு உள்பக்கமாக இழுபட்டுக் கிடக்கும், துளை மூடியிருக்கும். உட்புற எதிர்மின் கொஞ்சம் குறைந்தால் துண்டு வெளிப்பக்கமாக நகரும், துளை திறக்கும்.

ஒரு சோடியக் கால்வாய் திறந்தால் சோடியம் உள்ளே வந்து எதிர்மின்னை மேலும் குறைக்கும். அதனால் பக்கத்துக் கால்வாயும் திறக்கும், அதனால் அடுத்தது. இப்படி நரம்பு நெடுக ஓடுவதுதான் நரம்புத் துடிப்பு. ஓர் இடத்தில் அது ஒன்றிரண்டு மில்லிநொடிதான் நீடிக்கும். திறந்த சோடியக் கால்வாயை அதன் உட்பக்கத்துத் துண்டு ஒன்று ஒரு மில்லிநொடி அளவிலேயே அடைத்துவிடுகிறது. பொட்டாசியக் கால்வாய்கள் சற்றுப் பிந்தித் திறந்து உட்புறத்தை மறுபடி எதிர்மின்னாக்குகின்றன. அப்படி நன்றாக எதிர்மின்னான பிறகுதான் அடைப்பு நீங்கும், கால்வாய் அடுத்த முறைக்குத் தயாராகும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்திருங்கள், கீழே வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் அளந்து கணக்காக எழுதியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும், 1952ல். அவர்களுக்கு உதவியது கணவாய், நாசி கண்டார் கடையில் நாம் சோத்தோங் என்று கேட்டு வாங்குவதுதான். அதன் உடம்பில் ஒரு மில்லிமீட்டர்வரை பருமனுள்ள நரம்பிழை உண்டு, உள்ளே மின்முனையைச் செருகலாம். 1976ல் எர்வின் நேயரும் பெர்ட் சக்மனும் ஒற்றைக் கால்வாய் ஒன்று திறந்து மூடுவதையே மின்னோட்டமாகப் பதிவு செய்தார்கள். வரைபடத்தில் அது ஒரு படி ஏறி ஒரு படி இறங்கும். பாதி திறப்பு என்று பொதுவாக இல்லை.

பல் மருத்துவர் ஈறு மரக்கப் போடும் லிக்னோகைன் ஊசி சோடியக் கால்வாயை உள்பக்கத்திலிருந்து அடைக்கிறது, அதனால் வலிச் சேதி நரம்பில் ஓடாது. மருந்து முதலில் மின்னேற்றம் இல்லாத வடிவில் சவ்வைக் கடந்து உள்ளே போயாக வேண்டும். சீழ் கட்டிய ஈறு அமிலத்தன்மையோடு இருப்பதால் மருந்தில் பெரும்பகுதி வெளியிலேயே மின்னேற்றம் பெற்று நின்றுவிடும். "ஊசி போட்டும் மரக்கலையே" என்று சிலர் அலறுவது பயத்தால் மட்டுமல்ல.

பேத்தை மீனின் நஞ்சு அதே சோடியக் கால்வாயை வெளிப்பக்கத்திலிருந்து அடைக்கிறது. மலாயில் ஈக்கான் புந்தால் என்கிறோமே, அந்த மீன். சமையல் சூட்டில் அந்த நஞ்சு அழியாது, முறிமருந்தும் கிடையாது. முதலில் உதடு மரக்கும், பிறகு கைகால், கடைசியில் மூச்சுத் தசைகள். இதயத்தின் சோடியக் கால்வாயில் இந்த நஞ்சு எளிதில் ஒட்டுவதில்லை என்பதால், மூச்சு நின்ற பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் செயற்கைச் சுவாசம் கொடுத்தால் நஞ்சு இறங்கும்வரை ஆளைக் காப்பாற்ற முடிவது அதனால்தான்.

ஒரு கிளாஸ் இளநீர்

தண்ணீர்மலைப் பக்கம் தைப்பூசக் கூட்டம் கலைந்து சில நாட்களில், டயாலிசிஸுக்குப் போகும் அம்மா ஒருவர் மருந்து வாங்க வந்தார். "தம்பி, இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சிதானே, அதைப் போய் ஏன் வேணாங்கிறாங்க?"

"அதில பொட்டாசியம் இருக்கும்மா. உங்க கிட்னியால அதை வெளியேத்த முடியாது."

"ஒரு கிளாஸ்தானே?"

நியாயமான கேள்வி. ஒரு கிளாஸ் இளநீரில் 500 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் இருக்கும். உடம்பில் உள்ள மொத்தப் பொட்டாசியத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மொத்தத்தில் 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்திலும் செல்களுக்கு வெளியிலும் இருப்பது 2 விழுக்காடு. சிக்கல் அந்த இரண்டில்தான். நல்ல சிறுநீரகம் கூடுதலை அன்றன்றைக்கே வெளியேற்றிவிடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு அடுத்த டயாலிசிஸ்வரை அது சேர்ந்துகொண்டே போகும்.

வெளியே பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோல் இருக்கும்போது, அதன் கசிவு உண்டாக்கும் மின்னழுத்தம் கணக்கின்படி மைனஸ் 95 மில்லிவோல்ட். அதுவே 7 ஆனால் மைனஸ் 80. வெளியே அளவு கூடியதால் உள்ளிருந்து கசியும் உந்துதல் குறைகிறது, செல்லின் எதிர்மின் குறைகிறது. இப்போது மேலே நினைவில் வைக்கச் சொன்ன வரி. சோடியக் கால்வாயின் அடைப்பு நீங்க, செல் நன்றாக எதிர்மின்னாக வேண்டும். இதயத் தசை அந்த ஆழத்துக்கே திரும்பாவிட்டால், கால்வாய்களில் ஒரு பகுதி அடைபட்டபடியே கிடக்கும். துடிப்பு பரவும் வேகம் குறையும், தாளம் குலையும், இதயம் நின்றும் போகலாம். இதில் வலி வந்து எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இப்படி வருபவருக்கு மருத்துவமனையில் இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றுவார்கள். இனிப்பு நீர் இல்லாதவருக்கும்தான். இன்சுலின், முன்னே பார்த்த சோடியம்-பொட்டாசியம் பம்பை முடுக்கிவிடும்; ரத்தத்துப் பொட்டாசியம் செல்களுக்குள் போகும். குளுக்கோஸ், சர்க்கரை அளவு விழாமலிருக்க. அந்த அம்மாவுக்கு மில்லிவோல்ட் கணக்கெல்லாம் சொல்லவில்லை. இதயம் துடிப்பது பொட்டாசியத்தின் அளவைப் பொறுத்தது என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் வந்தபோது, டயாலிசிஸில் தன் பொட்டாசிய எண் என்ன என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வந்திருந்தார்.

மாத்திரைகளின் கதை

ரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின், ரத்தக் குழாய்த் தசைகளின் கால்சியக் கால்வாயை அடைக்கிறது. கால்சியம் உள்ளே வராவிட்டால் தசை இறுகாது, குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்குவதும் இதே காரணத்தால்தான்: ரத்தம் வரும் சிறு குழாய் விரிந்த அளவுக்குத் திரும்பும் குழாய் விரியாததால் நீர் வெளியே கசிகிறது. வீங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனிப்பு நீருக்குத் தரும் கிளிக்லசைட் இன்னும் நுட்பமானது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் ஒரு பொட்டாசியக் கால்வாய் இருக்கிறது. செல்லுக்குள் ஏடிபி பெருகினால் அது மூடிக்கொள்ளும். சாப்பிடுகிறோம், ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, பீட்டா செல் அதை எரித்து ஏடிபி ஆக்குகிறது, பொட்டாசியக் கால்வாய் மூடுகிறது, எதிர்மின் குறைகிறது, அதனால் கால்சியக் கால்வாய் திறக்கிறது, உள்ளே வரும் கால்சியம் இன்சுலினை வெளியே விடச் செய்கிறது. சர்க்கரையின் அளவு, மின்னழுத்தமாக மாறி, இன்சுலினாக வெளிவருகிறது. இந்தக் கால்வாய் சர்க்கரைக்கு ஏற்ப மூடுவதைப் பிரான்சஸ் ஆஷ்கிராஃப்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1984ல் காட்டினார்கள்.

கிளிக்லசைட் நேராகப் போய் அந்தப் பொட்டாசியக் கால்வாயை மூடுகிறது. சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, தலைசுற்றுவது அதனால்தான்.

பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே இனிப்பு நீர் வரும் குழந்தைகள் உலகில் மிகச் சிலர் உண்டு. அவர்களில் பலருக்கு இதே கால்வாயின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதை ஆன்ட்ரூ ஹேட்டர்ஸ்லி, அன்னா கிளாய்ன் குழுவினர் 2004ல் கண்டுபிடித்தார்கள். கணையத்தில் இன்சுலின் இருக்கிறது. ஆனால் ஏடிபி பெருகினாலும் கால்வாய் மூடாததால் அது வெளியே வருவதில்லை. அதுவரை அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஊசி என்றே இருந்தது. ஏடிபி மூட முடியாததை இந்த வகை மாத்திரை மூடுமா என்று சோதித்தார்கள். 2006ல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். அவர்களின் சர்க்கரை அளவும் முன்பைவிட நன்றாகக் கட்டுக்குள் இருந்தது.